ஒரே வக்கீல், நான்கு எதிராளிகள்

2025 ஆகஸ்ட் 11 அன்று ஸ்கார்பரோ திட்டுக்குப் பக்கத்தில் எடுக்கப்பட்ட வீடியோ ஒன்றை என் வகுப்பில் போட்டுக் காட்டுவேன். கப்பல் வேலையை விட்டு இறங்கிய பிறகு, கடலுக்குப் போகப்போகும் பையன்களுக்கு மோதல் தவிர்ப்பு விதிகளைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. வீடியோவில் பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படையின் சுலுவான் என்ற சின்னக் கப்பல் ஓடுகிறது. அதன் வாலைப் பிடித்தபடி சீனக் கடலோரக் காவல்படையின் 3104 வருகிறது. குறுக்கே சீனக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்று பாய்கிறது. சுலுவான் நழுவிவிட, சீனக் கப்பல்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அடுத்த காட்சியில் 3104-இன் முன்தளம் காகிதப் பெட்டியைப் போல மடங்கிக் கிடக்கிறது. துரத்தப்பட்ட கப்பல்தான் ரேடியோவில் கூப்பிட்டு, மருத்துவ உதவி வேண்டுமா என்று கேட்டது.

பையன்கள் சிரிப்பார்கள். முன்தளம் என்பது நங்கூர வேலைக்கு ஆட்கள் நிற்கும் இடம் என்று சொன்னதும் சிரிப்பு அடங்கிவிடும். அதற்கப்புறம் யாராவது ஒருத்தன் கேட்பான்: “சார், அந்த இடத்தைப் பத்தி ஏற்கெனவே தீர்ப்பு வந்தாச்சுன்னு சொன்னீங்களே. வந்தும் இப்படித்தான்னா, தீர்ப்பு எதுக்கு?”

பத்திரிகைகளில் ‘விதிகளின் அடிப்படையிலான உலக ஒழுங்கு’ என்று எழுதுகிறார்களே, அதன் மொத்த வழக்கும் இந்தப் பையனின் கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் ஒழுங்கு இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1972-இல் எழுதிய மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, குறுக்கே வரும் கப்பல் உங்கள் வலப்பக்கம் தெரிந்தால் விலகிப்போக வேண்டியவர் நீங்கள். உங்களுடையது மூன்று லட்சம் டன், அவனுடையது மூவாயிரம் டன் என்ற கணக்கு அங்கே செல்லாது. நள்ளிரவில் மலாக்கா நீரிணையில் எந்த போலீசும் இல்லை. ஆனாலும் சீனக் கொடி, அமெரிக்கக் கொடி, லைபீரியக் கொடி என்று எல்லாக் கப்பலும் இந்த விதிப்படிதான் திரும்புகின்றன. திரும்பாவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கேட்பான், லைசென்ஸ் போகும், முக்கியமாக உயிர் போகும். உலக வணிகத்தின் பெரும்பகுதி இந்த நம்பிக்கையில்தான் மிதக்கிறது. ஆகவே சர்வதேச சட்டம் என்பதே ஏமாற்று வேலை என்று டீக்கடையில் அடித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது தினமும் வேலை செய்கிறது. ஒரு பெரிய நாடு ஒரு குறிப்பிட்ட பாறையின் மேல் ஆசை வைக்கும் இடத்தில் மட்டும் நின்றுபோகிறது.

ஸ்கார்பரோ அப்படியொரு பாறை. பிலிப்பைன்ஸின் லூசான் தீவிலிருந்து சுமார் 120 கடல் மைல். 2012-இல் இரு நாட்டுக் கப்பல்களும் முறைத்துக்கொண்டு நின்ற பிறகு அது சீனாவின் கைக்குப் போனது. 2013 ஜனவரியில் மணிலா, கடல் சட்ட உடன்படிக்கையின்படி நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. சீனா வரவே மாட்டேன் என்றது. கடல் எல்லைப் பிரிப்பும் ராணுவ விவகாரமும் கட்டாயத் தீர்ப்புமுறைக்குள் வராது என்று 2006-லேயே அறிவித்திருக்கிறோமே என்பது அதன் வாதம். அந்த அறிவிப்பு உண்மையானதுதான். தீர்ப்பாயமும் எல்லையைப் பிரிக்கவில்லை. எந்தத் திட்டு யாருக்குச் சொந்தம் என்றும் சொல்லவில்லை. எது தீவு, எது வெறும் பாறை, சீன வரைபடத்தின் ஒன்பது கோடுகளுக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்பது போன்றவற்றைத்தான் பார்த்தது. 2016 ஜூலை 12 அன்று தி ஹேக் நகரில் தீர்ப்பு வந்தது. ஒன்பது கோடுகளுக்குள் சீனா கோரிய வரலாற்று உரிமைக்கு ஆதாரம் இல்லை. ஸ்கார்பரோவில் பிலிப்பைன்ஸ் மீனவர்களும் சீன மீனவர்களும் பரம்பரையாகப் பிடித்து வந்த மீனை இருவருமே பிடிக்கலாம். ஒருவர் மற்றவரைத் துரத்தக் கூடாது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் பிடித்த பகுதி வேறு. 2012 ஏப்ரலிலும் மே மாதத்திலும் சீன அரசுக் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் கப்பல்களின் முகத்துக்கு நேரே வேகமாகக் குறுக்கே ஓடியதைப் பற்றி, கடல் பாதுகாப்பு தெரிந்த ஒரு கேப்டனிடம் தீர்ப்பாயம் தனியாக அறிக்கை வாங்கியது. அதைப் பார்த்துவிட்டு, நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அதே மோதல் தவிர்ப்பு விதிகள் மீறப்பட்டன என்று எழுதியது. இறையாண்மை, வரலாறு, வரைபடம் என்று எதை வேண்டுமானாலும் இழுத்துப் பேசலாம். வலப்பக்கக் கப்பலுக்கு வழிவிடுவதில் என்ன வரலாறு இருக்கிறது? அன்று தடுத்திருக்க வேண்டியது பதின்மூன்று ஆண்டு கழித்துச் சீனாவின் சொந்தக் கப்பலின் மூக்கிலேயே வந்து விடிந்தது.

பிலிப்பைன்ஸுக்காக வாதாடிய தலைமை வக்கீல் பால் ரைக்லர் என்ற அமெரிக்கர். அவர் கைப்பட்ட வழக்குகளை வரிசையாக வைத்தால் போதும், அரைநூற்றாண்டு உலக அரசியல் தெரிந்துவிடும்.

1984-இல் அவருடைய கட்சிக்காரர் நிகராகுவா. எதிராளி அவருடைய சொந்த நாடு. அமெரிக்க உளவு அமைப்பின் ஏற்பாட்டில் நிகராகுவாவின் துறைமுகங்களில் கண்ணிகள் வைக்கப்பட்டன. சோவியத் எண்ணெய்க் கப்பல் உட்படப் பல நாட்டுக் கப்பல்கள் அடிபட்டன. துறைமுக வாயில் என்பது பைலட் ஏறிவிட்டார், இனிப் பயமில்லை என்று மாலுமி மூச்சுவிடும் இடம். அங்கே கண்ணி வைப்பவனை என்னவென்று சொல்வது? நிகராகுவா உலக நீதிமன்றத்துக்குப் போகப்போகிறது என்று மோப்பம் பிடித்த வாஷிங்டன், மத்திய அமெரிக்க வழக்குகளுக்கு உங்கள் அதிகாரத்தை நான் ஏற்கவில்லை என்று நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தது. தேதி ஏப்ரல் 6. வழக்கு பதிவானது ஏப்ரல் 9. மூன்று நாள் முந்திக்கொண்டால் தப்பிவிடலாம் என்ற கணக்கு எடுபடவில்லை. அதிகார வரம்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னதும் அமெரிக்கா வெளிநடப்பு செய்தது. 1986 ஜூன் 27 அன்று தீர்ப்பு எதிராக வந்தது. பாதுகாப்பு மன்றத்தில் அதை நிறைவேற்றச் சொன்ன தீர்மானத்தை அமெரிக்காவே வீட்டோ செய்தது. இழப்பீடாக ஒரு டாலரும் தரவில்லை. நிகராகுவாவில் ஆட்சி மாறியபின் 1991-இல் வழக்கே வாபஸ் ஆனது.

வரமாட்டேன், ஏற்கமாட்டேன், அது வெறும் காகிதம் என்று 2016-இல் பெய்ஜிங் பேசிய வசனத்தின் ஒத்திகை முப்பது ஆண்டுக்கு முன்பே வாஷிங்டனில் முடிந்துவிட்டது.

மூன்றாவது எதிராளி பிரிட்டன். மொரீஷியஸுக்கு 1968-இல் விடுதலை கொடுப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே சாகோஸ் தீவுகளைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொண்டு, அங்கிருந்த மக்களை அப்புறப்படுத்தி, டியகோ கார்சியாவை அமெரிக்கத் தளமாக்கியது. 2010-இல் அந்தக் கடலை இயற்கைப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. மீன் பிடிக்கக் கூடாது, தளம் இருக்கலாம். ரைக்லரும் பிலிப் சாண்ட்ஸ் போன்றோரும் மொரீஷியஸ் தரப்பில் நின்ற வழக்கில், அந்த அறிவிப்பு கடல் சட்டத்துக்கு விரோதம் என்று 2015-இல் தீர்ப்பாயம் சொன்னது. 2025 செப்டம்பரில் சீனாவும் ஸ்கார்பரோவை இயற்கைப் பாதுகாப்பகம் என்று அறிவித்திருக்கிறது. சீனப் படகுகள் அங்கே ராட்சதச் சிப்பிகளுக்காகப் பவளத்தைப் படகின் விசிறியால் அரைத்தெடுத்ததையும், அதைச் சீன அரசு பார்த்துக்கொண்டிருந்ததையும் 2016 தீர்ப்பு கண்டித்திருந்தது. பெரிய நாட்டுக்குப் பவளத்தின் மேல் திடீர்ப் பாசம் வந்தால், அருகில் யாரோ ஒரு மீனவனின் வலைக்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் பிரிட்டன் கதை அங்கேயே நிற்கவில்லை. 2019 பிப்ரவரியில் உலக நீதிமன்றம், சாகோஸைப் பிரித்ததே சட்டப்படி செல்லாது, நிர்வாகத்தை விரைவில் முடித்துக்கொள்ளுங்கள் என்று கருத்துச் சொன்னது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை 6. இது ஆலோசனைதானே, கட்டுப்படுத்தாது என்றது லண்டன். பிறகு 2022-இல் பேச உட்கார்ந்தது. 2025 மே 22 அன்று இறையாண்மையை மொரீஷியஸுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தளம் மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் தொடரும், அதற்கு வாடகையும் உண்டு. முழு நீதி இல்லைதான். விரட்டப்பட்ட மக்களைக் கேட்காமலே பேசி முடித்தார்கள் என்ற குறை நியாயமானது. ஆனாலும் கடற்படையே இல்லாத ஒரு குட்டித் தீவு நாடு, காகிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு பழைய சாம்ராஜ்யத்தைப் பேச்சு மேசைக்கு இழுத்தது.

நம் ஊரில் பட்டா ஒருவர் பேரிலும் அனுபவம் இன்னொருவர் கையிலும் கிடக்கும் நிலங்கள் எத்தனை. பட்டா இருப்பதால் மட்டும் வேலி நகராது. ஆனால் பட்டா இல்லாதவன் விற்க முடியாது, கடன் வாங்க முடியாது, பேரன் காலத்திலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. பையன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். தீர்ப்பு பிலிப்பைன்ஸுக்குக் கொடுத்தது பட்டா.

அதை முதலில் மதிக்காதவர் மணிலாவின் சொந்த அதிபரே. தீர்ப்பு வருவதற்குப் பன்னிரண்டு நாளைக்கு முன் பதவியேற்ற டுட்டெர்ட்டே, சீனக் கடனும் முதலீடும் வரும் என்று அதை ஓரமாக வைத்தார். பின்னால் வந்த மார்கோஸ் அதைத் தூசிதட்டி எடுத்தார். இடைப்பட்ட காலத்தில் மலேசியாவும் வியட்நாமும் இந்தோனேசியாவும் சும்மா இருக்கவில்லை, ஐ.நா.வுக்கு அனுப்பிய கடிதங்களில் தீர்ப்பின் பெயரையோ அதன் தர்க்கத்தையோ எடுத்துத் தங்கள் கோரிக்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டன. தீர்ப்பைக் ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று மழுப்பிவந்த இந்தியா, 2023 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸுடனான கூட்டறிக்கையில் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று சொன்னது. அடுத்த ஆண்டே பிரம்மோஸ் ஏவுகணைகளும் மணிலா போய்ச் சேர்ந்தன.

தென்சீனக் கடலின் இரண்டாம் தாமஸ் திட்டில் நிற்கும் சியரா மாத்ரே என்ற கப்பலைப் பாருங்கள். 1944-இல் அமெரிக்காவில் டாங்கி இறக்கக் கட்டிய நூறு மீட்டர்க் கலம். 1999-இல் பிலிப்பைன்ஸ் கடற்படை அதை வேண்டுமென்றே பவளத்தின் மேல் ஏற்றி நிறுத்தியது. கப்பலைத் தரைதட்ட விட்டால் கேப்டனுக்கு வேலை போகும். இங்கே அதுதான் அரசாங்க உத்தரவு. துரு தின்று தகடு ஓட்டையான அந்தக் கூட்டுக்குள் சில கடற்படை வீரர்கள் மாற்றி மாற்றிக் குடியிருக்கிறார்கள். கப்பலைக் கடற்படை இன்னும் சேவையிலிருந்து நீக்கவில்லை. அதில் கைவைத்தால் பிலிப்பைன்ஸ் போர்க்கப்பலில் கைவைத்ததாகும். அப்போது அமெரிக்காவுடனான 1951 பாதுகாப்பு ஒப்பந்தம் குறுக்கே வரும். 2024 ஜூன் 17 அன்று கத்தியும் கோடரியுமாக வந்த சீனப் படகுகள் சாமான் கொண்டுபோன ரப்பர்ப் படகுகளை மறித்தபோது ஒரு மாலுமியின் கட்டைவிரல் துண்டானது. அடுத்த மாதமே, சாமான் கொண்டுபோக விடுவது என்று இரு தரப்பும் ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு வந்தன. தீர்ப்பை சீனா ஏற்கவில்லை. திட்டையும் விழுங்கவில்லை. தீர்ப்பு, துருப்பிடித்த கப்பல், அமெரிக்க ஒப்பந்தம் மூன்றும் சேர்ந்துதான் அங்கே வேலியாக நிற்கின்றன. மூன்றில் ஒன்றை உருவினாலும் மற்றவை சாய்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

அந்த அமெரிக்கா, தான் காவல் காப்பதாகச் சொல்லும் கடல் சட்ட உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை. ஆழ்கடல் சுரங்கப் பகுதி பிடிக்கவில்லை என்று ரீகன் ஒதுக்கினார்; 1994-இல் அதைத் திருத்திக் கொடுத்தும் செனட் ஒப்புதல் தரவில்லை. 2025 ஏப்ரலில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலிலும் சுரங்கம் தோண்ட வழிசெய்யும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்திட்டார். உடனே பெய்ஜிங்கிலிருந்து கண்டனம் வந்தது: இது சர்வதேச சட்டத்துக்கு விரோதமாம். சாத்தான் வேதம் ஓதுகிறது என்று சொல்ல நாக்கு துடித்தாலும், எதிரில் நிற்பவரும் அந்தக் கோயில் பக்தர் இல்லையே.

இனி நான்காவது எதிராளி. அது நாம்தான்.

வங்காள விரிகுடாவில் கடல் எல்லை தொடர்பாக வங்கதேசம் நம்மைத் தீர்ப்பாயத்துக்கு இழுத்தது. அங்கேயும் எதிர்த்தரப்பு வக்கீல்களில் ரைக்லர் இருந்தார். 2014 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சர்ச்சையில் இருந்த சுமார் 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. நாம் நியமித்த நடுவர் மாறுபட்ட கருத்து எழுதினார். மோடி அரசு பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கத்திக் கூச்சல் போட்டிருக்கலாம். டெல்லி மதிக்கிறோம் என்று சொல்லி முடித்துக்கொண்டது. அன்றைக்கு நம் தொலைக்காட்சிகளில் பெரிய விவாதமே நடந்ததாக எனக்கு நினைவில்லை. நல்ல காரியங்களுக்கு டி.ஆர்.பி. கிடையாது. ஆனால் தென்சீனக் கடல் பற்றிப் பேசும் வெளிநாட்டு வல்லுநர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது அந்த இந்தியாவைத்தான்: பெரிய நாடு சின்ன நாட்டிடம் தோற்றது, தோல்வியை ஏற்றது, ஒன்றும் குறைந்துபோகவில்லை.

2020-இல் இன்னொரு தீர்ப்பு. கேரளக் கடலில் மீன்பிடிப் படகொன்றில் இருந்த இருவரை 2012-இல் இத்தாலியக் கப்பற்படையினர் சுட்டுக்கொன்ற வழக்கு. குமரி மாவட்டக் கரையில் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இத்தாலிய வீரர்களை இங்கே விசாரிக்க முடியாது, அவர்களுக்கு விலக்குரிமை உண்டு என்று தீர்ப்பாயம் சொன்னது. இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. கசப்பான தீர்ப்பு. அதையும் ஏற்றோம். பத்துக் கோடி ரூபாய் வந்து சேர்ந்தபின் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

இத்தனைக்கும் பிறகு 2025. பஹல்காமில் பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்ட மறுநாள் பாகிஸ்தானுடனான சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தோம். ஜூனில் அந்த ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் ஒரு துணைத் தீர்ப்புச் சொன்னது. அந்த மன்றமே சட்டவிரோதமாக அமைந்தது, அதை நாங்கள் என்றுமே ஏற்றதில்லை என்றது டெல்லி. பயங்கரவாதத்துக்கு விலை வைக்க வேண்டும் என்ற கோபம் எனக்கும் புரிகிறது. வாசகர்கள் திட்டித் தீர்ப்பார்கள் என்றும் தெரியும். ஆனால் அந்த அறிக்கையை ஒருமுறை வாசித்துவிட்டு, 2016 ஜூலையில் சீன வெளியுறவு அமைச்சகம் சொன்னதை இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். மேல்மடையில் இருப்பவனின் குரல் எல்லா மொழியிலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கிறது. 2014-இல் சம்பாதித்த பேரை நாம் எதற்குச் செலவு செய்கிறோம் என்ற கணக்காவது டெல்லியில் யாரோ ஒருவர் போட்டிருக்க வேண்டும்.

ரைக்லருக்கும் ஒரு கசப்பு மிச்சம் இருந்தது. அவர் பல்லாண்டு வாதாடிய நிகராகுவாவின் அதிபர் ஒர்த்தேகா சொந்த மக்களைச் சிறையில் தள்ளும் சர்வாதிகாரியாக மாறிவிட, 2022-இல் அவருக்குக் கடிதம் எழுதிவிட்டு வக்காலத்தைக் கைவிட்டார். சின்ன நாடு என்பதாலேயே அது நல்ல நாடாகிவிடாது.

இப்போது ஒரு வேலை நிலுவையில் இருக்கிறது. தென்சீனக் கடலில் எப்படி நடந்துகொள்வது என்று 2002-இல் ப்னாம் பென்னில் சீனாவும் ஆசியான் நாடுகளும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. அதை, எல்லாரையும் கட்டுப்படுத்தும் நடத்தை விதியாக மாற்றும் பேச்சு இத்தனை காலமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. 2026-இல் ஆசியான் தலைமை பிலிப்பைன்ஸிடம் இருப்பதால், அந்த ஆண்டே முடிக்க மணிலா அவசரப்படுகிறது. பேச்சு வரைவில் சீனா முன்பு நுழைத்த ஒரு யோசனை உண்டு: இந்தப் பகுதிக்கு வெளியே உள்ள நாட்டோடு கடற்படைப் பயிற்சி என்றால், மற்ற தரப்புகளின் ஆட்சேபம் இருக்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் நம் கடற்படையும் பிலிப்பைன்ஸ் கடற்படையும் அந்தக் கடலில் முதல்முறையாகச் சேர்ந்து ஓடின. அந்த வரி நிறைவேறினால் அடுத்த முறை பெய்ஜிங்கின் சம்மதம் வேண்டும்.

கூடாது என்று டெல்லி சொல்லத்தான் வேண்டும். நம் வணிகத்தில் பாதிக்கு மேல் அந்த வழியாகத்தான் போகிறது என்று நம் அரசே சொல்லிவருகிறது. ஆனால் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடல் சட்ட உடன்படிக்கையை 1995-இல் ஏற்றபோது, நம் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் நம் சம்மதமில்லாமல் அந்நியக் கடற்படைகள் பயிற்சி செய்யக் கூடாது என்று நாமும் ஓர் அறிவிப்பு கொடுத்திருக்கிறோம். அமெரிக்கா அதை மதிப்பதில்லை. 2021 ஏப்ரல் 7 அன்று லட்சத்தீவுக்கு மேற்கே 130 கடல் மைலில் தன் போர்க்கப்பலை அனுமதி கேட்காமல் ஓட்டிவிட்டு, அதை அறிக்கையாகவும் வெளியிட்டது. நமக்குச் சுருக்கென்றது, ஆட்சேபம் தெரிவித்தோம். சட்டப்படி அந்த வாதத்தில் நம் பக்கம் நிற்கும் பெரிய கடற்படை நாடு சீனாதான்.

என்னைக் கேட்டால் 1995 அறிவிப்பைத் திரும்பப் பெறலாம். கரையிலிருந்து மட்டும் கடலைப் பார்த்த காலத்தில் எழுதியது அது. இன்று நம் கப்பல்கள் ஏடன் வளைகுடாவிலும் மணிலாவிலும் நிற்கின்றன. லட்சத்தீவில் ஒரு நியாயம், பிலிப்பைன்ஸின் பலாவானில் ஒரு நியாயம் என்று இரண்டு சார்ட்டை வைத்துக்கொண்டு கப்பல் ஓட்ட முடியாது. நடத்தை விதியின் இறுதி வரைவு மேசைக்கு வருவதற்குள் டெல்லி இதில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.